அலுவலகத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

(அயல்நாடுகளில் உழைக்கும் காமயகவுண்டன்பட்டிக்காரர்கள் சார்பில் வாசித்தளிப்பது)

பெருமதிப்புக்குரிய அலுவலகமே!

சுருளி மலையைப் பார்த்தபடி, கம்பத்துக்கு அருகில் இருக்கும் காமயகவுண்டன்பட்டியிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் நாங்கள். கே.கே.பட்டி என்றால் தேனிப் பக்கம் யாரும் வழி சொல்வார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும், பந்தலில் பன்னீர் திராட்சையும் விளையும் பூமி. விடுதலைப் போரில் சிறை சென்றவர்கள் பலரைத் தந்து, காந்திக்குக் கோயிலும் எழுப்பிய ஊர். இன்று எங்களில் ஒருவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். ஒருவர் சவுதியில் வெல்டிங் பார்க்கிறார். ஒருவர் சிங்கப்பூரில் கணினி நிறுவனத்தில் இருக்கிறார். எங்கே இருந்தாலும் உன்னை நினைக்காத வாரம் எங்களுக்குக் கிடையாது. பிறந்த மண்ணோடு எங்களைக் கட்டிவைத்திருக்கும் கயிறுகளில் நீயும் ஒன்று.

உன்னை ஒருமையில் அழைக்கிறோம். கடவுளையும் அரசனையும் தாயையும் தமிழில் ‘நீ’ என்றே பாடுவார்கள், அந்த உரிமைதான். கிராம நிர்வாக அலுவலர் மேசையில் தொடங்கி, வட்டம், கோட்டம், மாவட்டம், சென்னைக் கோட்டை, தில்லி, கடல் தாண்டித் தூதரகம் வரை நீ ஒரே உடம்பு. எந்த ஊர் மேசையையும், எந்த அலுவலரையும் தனியே சுட்டி இதை எழுதவில்லை. சொல்லப்போகும் புகழ் எதுவும் மிகையில்லை. உன் சாதனைகளை வரிசையாகச் சொன்னாலே போதும், அலங்காரம் தேவைப்படாது.

காலத்தை வென்ற பெருமையே!

நீ எழுதி வைத்திருக்கும் நாள்கணக்கைப் படித்தால் மனம் குளிர்கிறது. பட்டா மாறுதலுக்கு உட்பிரிவு தேவையில்லை என்றால் 15 நாள், உட்பிரிவு உண்டென்றால் 30 நாள் என்று மக்கள் சாசனத்தில் எழுதினாய். மனு கொடுத்தவருக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு, முடியாதென்றால் காரணத்தோடு பதில் என்று 2015-ல் அரசாணையே போட்டாய். அதை எழுதிய கை நல்ல கை. சாமானியனின் ஒரு நாள் கூலி எவ்வளவு பெரிது என்று தெரிந்த கை.

அந்த நாள்கணக்கை நம்பித்தான் நாங்கள் விடுப்பு எழுதிக் கொடுக்கிறோம். சவுதித் தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 21 நாள் விடுப்பு. ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டு முடித்தால் 30 நாள். எமிரேட்ஸில் 30 நாள். பலர் இரண்டு ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்து ஊருக்கு வருகிறோம். அதற்குள் தங்கச்சி கல்யாணம் முடிய வேண்டும், அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், உன் வாசலுக்கும் வர வேண்டும்.

வந்து நிற்கும் மாதம் மே என்றால் ஜமாபந்தி. ஜூலை 1-ல் புதுப் பசலி ஆண்டு பிறப்பதற்குள் கிராமக் கணக்கை முடித்தாக வேண்டும். தேர்தல் ஆண்டென்றால் தேர்தல் வேலை. மழைக்காலம் என்றால் வெள்ளச் சேதக் கணக்கு. ‘சார் மீட்டிங்’, ‘சர்வேயர் இன்னிக்கு கேம்ப்’, ‘சர்வர் டவுன்’, ‘வி.ஏ.ஓ. போஸ்ட் காலி, பக்கத்து ஊர்க்காரருதான் இன்சார்ஜ்’ என்று பதில் வரும். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒரு கிராமத்துக்கான ஆளை மூன்று கிராமம் பார்க்கச் சொல்லி, அதற்கு மேல் தேர்தலையும் வெள்ளத்தையும் அவர் தலையில் ஏற்றி, ஆனாலும் 15 நாள் என்ற எழுத்தை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கும் உன் மன உறுதி யாருக்கு வரும்?

கவாத்து அடித்த திராட்சைக் கொடி ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் கொடுத்துவிடுகிறது. அப்பா கண்ணை மூடிய பிறகு அவர் பந்தலில் கவாத்தும் வெட்டும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். பட்டாவில் மட்டும் அவரே உழுதுகொண்டிருப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் பட்டாதாரர் பெயரைக் கேட்கிறார்கள். கிணற்று மோட்டார் மின் இணைப்பைப் பெயர் மாற்றப் போனாலும் அதே கேள்வி. இறந்தவரைச் சொந்தக்காரராகவும், இருப்பவரை யாரோவாகவும் இத்தனை காலம் வைத்திருக்கும் வல்லமை எமனுக்கும் வாய்க்காதது.

விடுப்பு முடிகிறது. மனு மேசையில் இருக்கிறது. நாங்கள் விமானம் ஏறுகிறோம். நீ ஜெயிக்கிறாய்.

எழுத்தை உயிராகப் போற்றும் ஏந்தலே!

மனிதன் வருவான் போவான், எழுத்துத்தான் நிலைக்கும் என்று முதலில் கண்டுகொண்டவன் நீ. எங்கள் ஊர்ப் பெயரை வைத்தே அதை எங்களுக்கு விளங்கவைத்தாய். காமயகவுண்டன்பட்டியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘கௌ’வுக்கு ‘ஜி’ போடுகிறார், இன்னொருவர் ‘கே’ போடுகிறார். ஒருவர் நடுவில் இடம் விட்டுப் பிரிக்கிறார், இன்னொருவர் கே.கே.பட்டி என்று சுருக்குகிறார். நான்கையும் எழுதியது நாங்கள் இல்லை. உன் மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள். பிறப்புச் சான்றில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. பிறகு இந்த நான்கையும் ஒரு நாள் நீயே அருகருகே வைத்துப் பார்த்து, ‘இது நான்கு ஊரா, ஒரு ஊரா?’ என்று எங்களைக் கேட்கிறாய்.

ஊருக்கே இந்த நிலை என்றால் பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல். அதை ஓர் ஆவணத்தில் முன்னால் போட்டாய், ஒன்றில் பின்னால் போட்டாய், ஒன்றில் விரித்து எழுதினாய், ஒன்றில் விட்டேவிட்டாய். 2022 நவம்பரில் எமிரேட்ஸ் அரசு, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் நுழைவில்லை என்று அறிவித்தபோது, தென்னாட்டார் பலர் விமான நிலையத்தில் தவித்தார்கள். அப்பா பெயர் வீட்டில் எல்லோர் வாயிலும் இருந்தது. இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் இல்லை.

கிராமத்துப் பிறப்புச் சான்றுகளில் இன்னொரு சிறப்பு. பிள்ளையின் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கும். தாய், தந்தை, தேதி, ஆணா பெண்ணா எல்லாம் இருக்கும், பெயர் இருக்காது. பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிவு செய்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமல் போன பிள்ளைகள் அவர்கள். இருபத்தைந்து வயதில், வெளிநாட்டு விசாவுக்கு அந்தத் தாளை நீட்டும்போதுதான் தான் பெயரில்லாமல் பிறந்த சேதியே அவர்களுக்குத் தெரிகிறது.

இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதுகிறோம். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுகிறோம். எழுதியவர் செய்த பிழைக்கு எழுதப்பட்டவர் சத்தியம் செய்கிறார், கட்டணமும் கட்டுகிறார். பிழையை இவ்வளவு கண்ணியமாகக் காப்பாற்ற வேறு யாருக்குத் தெரியும்?

மறதி அறியாத நினைவாற்றலே!

1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. கிராமத்தில் அதை யு.டி.ஆர். என்பார்கள். பழைய பதிவேட்டைத் திருத்தி, உண்மையில் நிலத்தை அனுபவிப்பவர் பெயரை ஏற்றுவது நோக்கம். அருமையான நோக்கம். ஏற்றும்போது அண்ணன் நிலம் தம்பி பெயரில் போனது உண்டு. பரப்பு குறைந்தது உண்டு. பட்டா நிலம் புறம்போக்கு ஆனதும் உண்டு. அன்று கைதவறி எழுதியதை நீ இன்றும் மறக்கவில்லை. அன்று எழுதியவர் ஓய்வு பெற்றுப் பல காலம். யாருக்காக எழுதினாரோ அவர் இறந்துவிட்டார். மகன் பேரனுக்குக் கொடுத்துவிட்டான். எங்கள் பகுதி மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1996-ல் தேனி மாவட்டமே பிறந்தது. அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

அதை மாற்றக் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே ஏற வேண்டும். பழைய அ-பதிவேட்டு நகல், புலப்படம், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் வேண்டும். விசாரணைக்கு நேரில் வர வேண்டும். விசாரணைத் தேதி எங்கள் விடுப்பைக் கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே தண்ணீர் கொண்டுவரக் கட்டியதுதான் பெரியாறு அணை. 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம், 1887-ல் வேலை தொடக்கம், 1895 அக்டோபரில் திறப்பு. நடுவில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப் போனது. காட்டுக் காய்ச்சலில் தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். ஆனாலும் மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்ப அவர்களுக்கு எட்டு ஆண்டு போதுமாக இருந்தது. அந்தத் தண்ணீர் பாயும் வயலில் ஒரு பெயரைத் திருப்ப நாற்பது ஆண்டு போதாமல் இருக்கிறது. ஆற்றைவிட எழுத்து கனமானது என்று இந்த உலகத்துக்குக் காட்டியவன் நீ ஒருவன்தான்.

உயிரைத் தேடி விசாரிக்கும் கருணையே!

மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று வெளிநாட்டுக்குப் போன ஓய்வுபெற்ற ஆசிரியரை, ‘இருக்கிறீர்களா?’ என்று ஆண்டுக்கொரு முறை விசாரிப்பவன் நீ. பெற்ற பிள்ளைகளே விசாரிக்க மறக்கும் காலம் இது. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று. தமிழக அரசு ஓய்வூதியருக்கு மஸ்டரிங் என்னும் நேர்காணல். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற இணையச் சான்று வந்து விரல்ரேகை வைத்தால் போதும் என்றானது. 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றும் ஆனது. உண்மையிலேயே நல்ல வேலை, மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் எழுபது வயதில் விரல்ரேகை தேய்ந்துபோகிறது. ஆண்டெல்லாம் கரும்பலகையில் எழுதி அழித்த விரல், களை பறித்த விரல், கருவியில் பதியவில்லை. முகச் செயலிக்கு வீட்டில் நல்ல போன் வேண்டும், அதை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இல்லையென்றால் தூதரகம் இருக்கும் நகரத்துக்கு ரயிலேறிப் போய் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். எதிரில் நின்று பேசுபவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அவர் கொண்டுவரும் தாளைப் பார்த்து முடிவு செய்யும் பண்பை உன்னிடம்தான் கண்டோம்.

சொத்து விற்க அதிகாரப் பத்திரம் கொடுத்தவருக்கும் இதே விசாரிப்பு. முகவர் பத்திரம் பதியப் போகும்போது, அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அண்மையில் எடுத்த சான்று வேண்டும். காரணம் இருக்கிறது; செத்தவர் பெயரில் மோசடிப் பதிவுகள் நடந்த மாநிலம் இது. அதைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் சான்றைச் சுடச்சுடக் கேட்கும் நீ, அதோடு சேர்ந்த மற்ற வேலைகளை ஆறப் போடுகிறாய். ஒரு தாள் வந்துசேரும்போது இன்னொரு தாள் காலாவதி ஆகிறது. பாலைவன வெயிலில் நின்று உழைப்பவன் மறுபடி மறுபடி, தான் சாகவில்லை என்று எழுதிக்கொடுக்கிறான்.

உறவை விடாத பாசமே!

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு அருமையானது. இந்தியாவுக்கு வெளியே இருப்பவர் அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையிலோ அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். ஊரில் இருக்கும் தம்பியோ மனைவியோ அதை வைத்துக் காரியம் பார்க்கலாம். 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டமும் இரக்கமுள்ளது: வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டினால் போதும். கப்பலில் தபால் போன காலத்துக்காரர்கள், கடல் கடந்தவன் திரும்பி வர முடியாது என்று புரிந்து எழுதிய சட்டங்கள் இவை. விமானமும் காணொளியும் வந்த காலத்தில், ‘அவரையே ஒரு தடவை வரச் சொல்லுங்க, முடிச்சிரலாம்’ என்ற பதில் எங்களுக்குக் கிடைக்கிறது. எங்களை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களில் அம்மாவுக்கு அடுத்தவன் நீ.

அம்மாவையும் எங்களையும் பேசவைப்பவனும் நீதான். அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்று வந்தபோது நெஞ்சம் நிறைந்தது. குவைத்தில் இரவு வேலை முடித்து, அறையில் ஆறு பேர் தூங்கும்போது, ஒருவன் போனைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்புகிறான். ஆதார் எண் போட்டால் ஓ.டி.பி. போகிறது. எங்கே? அவன் ஊரில் விட்டுவந்த பழைய சிம்முக்கு. அது அம்மாவின் பட்டன் போனில் இருக்கிறது.

“அம்மா, நம்பர் வந்துச்சாம்மா?”

“என்னமோ சத்தம் கேட்டுச்சு சாமி. கண்ணு தெரியலையே. இரு, பக்கத்து வீட்டுப் புள்ளைய எழுப்பிட்டு வாரேன்.”

“சீக்கிரம்மா, பத்து நிமிசந்தான் தாங்கும்.”

“அஞ்சு… ரெண்டு… அடுத்தது ஏழா, ஒண்ணான்னு தெரியலையே அப்பு.”

நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் வருகிறது. மறுபடி அனுப்புகிறான். அம்மா மறுபடி அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். அந்தச் சிம்முக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டு, எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டால் கதை இன்னும் நீளும். ஆதாரில் போன் எண்ணை மாற்ற, விரலோடு வந்து மையத்தில் நிற்க வேண்டும் என்பதே பல ஆண்டு வழக்கமாக இருந்தது. விரலோ குவைத்தில் இருக்கிறது.

இத்தனை முடிந்து விண்ணப்பம் போனால், ‘ஆவணம் தெளிவில்லை’ என்று திரும்பி வரும். எந்த ஆவணம் என்று இருக்காது. சரி செய்து அனுப்பினால், முதல் தடவை சொல்லாத இன்னொரு குறை இரண்டாம் தடவை வரும். ஒரு குறையைச் சொல்லி முடித்த பிறகே மறு குறையைக் காணும் அந்த நிதானத்தை, குறை காண்பதையே தொழிலாக வைத்திருக்கும் உலகம் உன்னிடம் கற்க வேண்டும்.

நடுவில் ஒருவர் வருவார். ‘எவ்வளவு நாளு அலைவீங்க, நான் பாத்துக்கிறேன்’ என்பார். உன் சுவரில், லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று பலகை இருக்கிறது; அதை நம்பி நாங்கள் ஒதுங்கி நிற்கிறோம். ஒதுங்கி நின்றவன் மனு அடியில் இருக்கிறது. நேர்மைக்கு இத்தனை நீளமான தேர்வு வைக்கும் ஆசான் வேறு யாரும் இல்லை.

பெயர் சூட்டுவதில் வல்ல பெரும்புலவனே!

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். 2013-ல் அம்மா திட்டம். 2023 டிசம்பரில் மக்களுடன் முதல்வர். 2025 ஜூலையில் உங்களுடன் ஸ்டாலின். கூப்பிட 1100 என்ற எண். ஆட்சி மாறினாலும் மாறாவிட்டாலும் மனுவுக்குப் புதுப் பெயர் கிடைக்கிறது. இந்த முகாம்களில் ஒரே நாளில் சான்று வாங்கிப் போனவர்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. முகாமில் ஒரே நாளில் முடிகிற வேலை, முகாம் இல்லாத நாளில் ஏன் முடிவதில்லை என்ற கேள்வியை ஊர் கேட்கத் தொடங்கியதும் அந்த முகாம்களால்தான். அதற்கும் நன்றி.

எங்களுக்கென்றே நீ செய்ததும் நினைவிருக்கிறது. 2011-ல் வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கென்று சட்டம் இயற்றினாய். அதன்படி நல வாரியம் அமையும் என்றாய். பத்து ஆண்டு கழித்து, 2021-ல், வாரியம் அமைக்கப்படும் என்றும், ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள் என்றும் மறுபடி அறிவிப்பு வந்தது. அந்தப் பத்து ஆண்டில் எங்கள் மக்கள் வெளிநாட்டில் விபத்தில் இறந்தார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கிவைத்துக்கொண்டதால் ஊர் வர முடியாமல் கிடந்தார்கள். கேரளம் 1996-லேயே அயல்நாடு வாழ் கேரளத்தாருக்கென்று தனித் துறை தொடங்கியது. குமுளி மலையேறினால் அந்த மாநிலம். எங்கள் ஊரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம். அங்கிருந்து ஒரு யோசனை இங்கே வந்துசேர ஆன காலம் மட்டும் இருபத்தைந்து ஆண்டு.

தலைமுறை கடந்து காக்கவைத்த தலைவனே!

இது எங்களோடு தொடங்கியது இல்லை. மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை உன் அண்ணன்மார் எப்படி வைத்திருந்தார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பார். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் விண்ணப்பம் போடலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். தொடர்ந்து அங்கே வாழ்ந்ததற்குத் தாள் காட்ட முடியாதவர்கள் தள்ளப்பட்டார்கள். மலையில் தேயிலை கிள்ளிய கைக்கு, ஏழாண்டு இடைவிடாமல் இருந்ததற்கு ரசீது எங்கிருந்து வரும்?

1964 அக்டோபர் 30-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரு நாடும் கையெழுத்திட்டன. அந்த மீதிப் பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள 1974 ஆயிற்று. 1984-ல் கப்பல் நின்றது; இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியும் ஏற முடியாமல் அங்கேயே தங்கியவர்கள் உண்டு. கடைசியில், எஞ்சி நின்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு! முதல் விண்ணப்பம் எழுதியவரின் பேரன் அதன் பதிலை வாங்கினான். அலுவலகத்தின் பொறுமைக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் தமிழர் வரலாற்றில் இல்லை.

இறுதியாக, எங்கள் விண்ணப்பம்

பாராட்டுப் பத்திரத்தின் முடிவில் கோரிக்கை வைப்பது வழக்கம். வைக்கிறோம்.

முதலில், உனக்குள்ளேயே இருக்கும் நல்லவர்களைச் சொல்லிவிடுகிறோம். மணி ஆறான பிறகும் கணினியை அணைக்காமல், ‘தம்பிக்கு நாளைக்கு ஃபிளைட்டாம்’ என்று ஒப்புதல் போட்டுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஊரின் எல்லா வீட்டையும் தெரிந்து, வாரிசு யார் என்று கேட்காமலே எழுதத் தெரிந்த கிராம அலுவலர்கள் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பத் தாள் தயாரித்த தூதரக ஊழியர்கள் இருக்கிறார்கள். இந்தப் பத்திரத்தில் வஞ்சப்புகழ்ச்சிக்கு அப்பாற்பட்டவர்கள் இவர்கள். இவர்கள் செய்வதைத் தனிமனித தயவாக விட்டுவைக்காமல், விதியாக்கு.

நீயே எழுதிய நாள்களைச் சட்டமாக்கு. மத்தியப் பிரதேசம் 2010-லேயே பொதுச் சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்து, தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 5,000 ரூபாய் அபராதம் வைத்தது. கேரளம் 2012-ல் சேவை உரிமைச் சட்டம் இயற்றியது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் என்ற வரிக்கு உயிர் இருப்பதே, அதன் பின்னால் உள்ள அபராதத்தால்தான். இங்கே அப்படியொரு சேவை உரிமைச் சட்டத்துக்கான கோரிக்கை பல ஆண்டாக எழுந்துகொண்டிருக்கிறது. காலி இடங்களை நிரப்பு. மூன்று ஊரை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவருக்கு அபராதம் போடுவது நியாயமாகாது. ஆள் கொடு, நாள் குறி, தவறினால் கேள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

மனுவைத் திருப்பினால் எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுது. உன் மேசையில் விழுந்த எழுத்துப் பிழையை உன் செலவில் திருத்து. விசாரணைக்கு வெளிநாட்டில் இருப்பவர் காணொளியில் வர இடம் கொடு. நீதிமன்றங்களே அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. வெளிநாட்டுப் போன் எண்ணுக்கும் ஓ.டி.பி. அனுப்பு. ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் அயலகத் தமிழருக்கு ஒரு மேசை போடு. அதில் ஒரு நாற்காலியும், அந்த நாற்காலியில் ஆளும் இருக்கட்டும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு சொல். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் மனு கொடுக்காதீர்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் பிறப்புச் சான்றில் ஏற்றிவிடுங்கள். அப்பா இருக்கும்போதே பட்டாவும் பத்திரமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஆவணத்திலும் பெயரையும் ஊரையும் ஒரே எழுத்தில் எழுதவையுங்கள். பத்து ரூபாயில் தகவல் கேட்கும் உரிமை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. கோப்பு எந்த மேசையில், எத்தனை நாளாக என்று கேளுங்கள்.

பெருமதிப்புக்குரிய அலுவலகமே, நாங்கள் அனுப்பும் பணத்தில் இந்த நாட்டின் அந்நியச் செலாவணி நிறைகிறது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். எங்களுக்கு மேடை வேண்டாம். நாங்கள் எழுதிய புகழ் அத்தனையும் பழங்கதையாகிப் போகும்படி, 15 நாள் என்று எழுதினால் பதினைந்தாம் நாள் கொடு. அவ்வளவுதான் கேட்கிறோம்.

இங்ஙனம்,
கடல் கடந்து காத்திருக்கும் காமயகவுண்டன்பட்டிக்காரர்கள்.